எலக்ட்ரானைப் பிடித்த மூலக்கூறு அயனி ஏன் உடைகிறது?

கேள்வி இதுதான்: நேர்மின்னூட்டம் கொண்ட மூலக்கூறு அயனி ஒன்று எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டால், இழந்ததைத் திரும்பப் பெற்று சாதாரண மூலக்கூறாக மாறிவிட வேண்டும். அப்படியிருக்க, அது துண்டுகளாகச் சிதறுகிறது என்று பாடநூல்கள் ஏன் சொல்கின்றன? மெதுவாக வந்து சேரும் ஓர் எலக்ட்ரான், தன்னைவிடப் பல்லாயிரம் மடங்கு கனமான ஒன்றை எப்படி உடைக்க முடியும்?

எலக்ட்ரான் மோதிய வேகத்தில் மூலக்கூறு உடைவதில்லை. எலக்ட்ரான் ஏறத்தாழ ஓய்வு நிலையில் வந்து சேர்ந்தாலும் உடையும்; சொல்லப்போனால் மெதுவாக வரும்போதுதான் அதிகமாக உடைகிறது. உடைக்கும் ஆற்றல் எலக்ட்ரானின் ஓட்டத்தில் இல்லை, அது பிடிபடுவதில் இருக்கிறது. ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்க எவ்வளவு ஆற்றல் செலவிட்டோமோ, அந்த எலக்ட்ரான் திரும்பி வரும்போது அவ்வளவும் வெளியே வந்தாக வேண்டும். ஆக்சிஜன் மூலக்கூறை அயனியாக்க 12.07 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். அதன் இரண்டு அணுக்களையும் பிரிக்க 5.12 போதும். ஆகவே ஆக்சிஜன் மூலக்கூறு அயனி ஓர் எலக்ட்ரானைப் பெற்ற அந்தக் கணத்தில், தன் பிணைப்பை அறுத்துக்கொள்வதற்குத் தேவையானதைவிட ஏறத்தாழ 7 எலக்ட்ரான் வோல்ட் அதிகமாக அதன் கையில் இருக்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு இந்தக் கணக்கு 15.4-க்கு 4.5. நமக்குத் தெரிந்த மூலக்கூறுகளில் பெரும்பாலானவற்றில் அயனியாக்கும் ஆற்றல், பிணைப்பு ஆற்றலைவிட மிகப் பெரியது. உடைவதற்கான வாய்ப்பு அங்கேயே உருவாகிவிடுகிறது.

வாய்ப்பு இருப்பதாலேயே உடைந்தாக வேண்டும் என்றில்லையே என்று கேட்கலாம். அந்த ஆற்றலை ஒளியாக வெளியிட்டுவிட்டு மூலக்கூறு முழுசாக இருக்கக் கூடாதா? இங்கேதான் கால அளவு முக்கியமாகிறது. வழவழப்பான கிண்ணத்தில் உருட்டிவிட்ட கோலி ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறி வெளியே போய்விடும். உள்ளே தங்க வேண்டுமென்றால் உராய்வில் கொஞ்சம் ஆற்றலை இழக்க வேண்டும். அயனியை நெருங்கும் எலக்ட்ரானும் அப்படித்தான். அறை வெப்பநிலையில் ஓடும் எலக்ட்ரான் ஒரு சிறிய மூலக்கூறைக் கடக்க ஏறத்தாழ 10⁻¹⁵ வினாடி அளவுதான் எடுத்துக்கொள்கிறது. ஓர் ஒளித்துகளை வெளியிடவோ 10⁻⁹ முதல் 10⁻⁸ வினாடி வேண்டும். லட்சக்கணக்கான, சில நேரம் கோடிக்கணக்கான சந்திப்புகளில் ஒன்றில்தான் ஒளி வெளியேறி எலக்ட்ரான் தங்கும். தனி அணு அயனிகளுக்கு இந்த ஒரு வழிதான் உண்டு. அதனால் அவை எலக்ட்ரானோடு சேர்வது படு மந்தம். மூலக்கூறுக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கிறது: அணுக்கருக்களை நகர்த்தி, ஆற்றலை அவற்றின் ஓட்டத்தில் கொட்டிவிடலாம். பிணைப்பு அறுந்து துண்டுகள் விலகிப் பறந்துவிட்டால் எலக்ட்ரான் திரும்பி ஓட இடமே இல்லை. இந்த வினைக்குப் பிரிகை மறுசேர்க்கை என்று பெயர்.

இதன் எளிய வடிவத்தை 1950-இல் இயற்பியலாளர் டேவிட் பேட்ஸ் ஒரு சுருக்கமான கட்டுரையில் விளக்கினார். அணுக்களுக்கு இடையிலான தூரத்தைக் கிடை அச்சிலும் ஆற்றலைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால், அயனியின் வளைகோடு ஒரு பள்ளம் போலிருக்கும். நடுநிலை மூலக்கூறுக்குப் பல வளைகோடுகள் உண்டு. அவற்றில் சில பள்ளமே இல்லாமல் சரிந்துகொண்டே போகும். அந்த நிலையில் இருக்கும் அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும். அப்படிச் சரியும் கோடு ஒன்று அயனியின் பள்ளத்தை அதன் அடிப்பகுதிக்கு அருகே வெட்டிச் செல்லுமானால், வந்த எலக்ட்ரான் அயனியின் எலக்ட்ரான்களில் ஒன்றைக் கிளர்த்திவிட்டுத் தானும் உள்ளே அமர்ந்து, மொத்த அமைப்பும் அந்தச் சரிவுக்கு மாறிவிடும். இதுவரை நடந்தது மீளக்கூடியது. எலக்ட்ரான் மறுபடியும் வெளியே துள்ளிப் போகலாம். ஆனால் அணுக்கருக்கள் விலகத் தொடங்கிவிட்டன. அவை வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டால் நடுநிலைக் கோடு அயனியின் கோட்டுக்குக் கீழே போய்விடும்; அதற்குப் பிறகு எலக்ட்ரான் வெளியேற ஆற்றல் போதாது. சுமார் 10⁻¹⁴ வினாடிக்குள் முடியும் இந்தப் போட்டியில் யார் முந்துகிறார்கள் என்பதே வினையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. எலக்ட்ரான் முந்தினால் வெறும் சிதறல், அணுக்கருக்கள் முந்தினால் உடைவு.

வெட்டுப்புள்ளி எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அயனி அதிர்ந்துகொண்டிருந்தால் அணுக்களின் தூரம் மாறும், எட்டக்கூடிய வெட்டுப்புள்ளிகளும் மாறும். அதனால் ஒரே அயனி அதிர்வு நிலைக்கு ஏற்ப வேறு வேறு வேகத்தில் உடையும். துண்டுகளும் வேறு நிலைகளில் வரும். இரண்டணு ஹைட்ரஜன் அயனி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கையில் இருக்கும் உபரி ஆற்றல் ஏறத்தாழ 10.95 எலக்ட்ரான் வோல்ட். அதை முழுவதும் ஓட்டமாக மாற்றி, இரண்டு அணுக்களும் அடிநிலையிலேயே (கிளர்ச்சி எதுவும் இல்லாத மிகக் குறைந்த ஆற்றல் நிலை) வேகமாகப் பறக்கலாம் என்று ஆற்றல் கணக்கு அனுமதிக்கிறது. நடப்பது அதுவல்ல. சரிவுக்கோடு போய்ச் சேரும் இடத்தில் ஓர் அணு இரண்டாம் மட்டத்துக்குக் கிளர்ந்திருக்கும், அதற்கே 10.2 போய்விடும். மிஞ்சும் 0.75-ஐ இரண்டு துண்டுகளும் பகிர்ந்துகொண்டு நிதானமாக விலகுகின்றன. ஆற்றல் எதையெல்லாம் அனுமதிக்கிறது என்பதை எளிதாகக் கணக்கிட்டுவிடலாம். மூலக்கூறு எதைத் தேர்கிறது என்பதுதான் கடினம். இந்தத் துறையின் உழைப்பு முழுவதும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் போயிருக்கிறது.

இன்னொரு பாதையும் உண்டு. எலக்ட்ரான் நேரடியாகச் சரிவுக்குப் போகாமல், அயனியைத் தொலைவில் சுற்றும் ரிட்பெர்க் நிலை ஒன்றில் முதலில் தங்கலாம். அதற்கு வேண்டிய ஆற்றல் இழப்பை அயனியின் அதிர்வோ சுழற்சியோ வாங்கிக்கொள்ளும். அங்கிருந்து சரிவுக்கோட்டுக்குத் தாவி உடையும். 1968-இல் பார்ட்ஸ்லி விளக்கிய இந்த மறைமுக வழி, எலக்ட்ரானின் ஆற்றல் சரியாகப் பொருந்தும் இடங்களில் மட்டும் நன்கு வேலை செய்யும். அதனால் வினைவேகத்தை ஆற்றலுக்கு எதிராக வரைந்தால் கூர்மையான மேடுகளும் பள்ளங்களும் தென்படும். நேரடி வழி மட்டுமே இருந்தால் வினைவேக மாறிலி, அதாவது வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைக் காட்டும் எண், எலக்ட்ரான் வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் குறையும். இரண்டு வழிகளும் ஒன்றோடொன்று குறுக்கிடும்போது அந்த எளிய விதி கலைந்துபோகிறது. குளிர்ந்த எலக்ட்ரான்கள் நிறைந்த இடங்களில் இதுதான் பெரிய தலைவலி.

இது வெறும் தாளில் போட்ட கணக்காக நின்றுவிடவில்லை. இந்த வினையைத் தேட வைத்ததே நம் தலைக்கு மேலிருக்கும் அயனி மண்டலம்தான். வானொலி அலைகளை வைத்து அளந்தபோது, சூரியன் மறைந்ததும் அதன் கீழ் அடுக்குகளில் எலக்ட்ரான்கள் மிக வேகமாகக் காணாமல் போயின. ஒளியை வெளியிட்டுச் சேரும் வழியால் அந்த வேகத்தை எட்டவே முடியாது. பல ஆயிரம் மடங்கு இடைவெளி இருந்தது. 1947-இல் பேட்ஸும் ஹாரி மாஸியும் மூலக்கூறு அயனிகளின் உடைவுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று முன்வைத்தார்கள். 1949-இல் பியாண்டியும் பிரவுனும் நுண்ணலைகளைக் கொண்டு மந்த வாயு பிளாஸ்மாவை ஆராய்ந்தபோது, ஆய்வகத்திலும் எலக்ட்ரான்கள் அதே போல எதிர்பாராத வேகத்தில் மறைவது தெரிந்தது.

எண்களைப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு கண்ணில் அறையும். நைட்ரிக் ஆக்சைடு அயனிக்கு அறை வெப்பநிலையில் வினைவேக மாறிலி ஏறத்தாழ 4×10⁻⁷ கன சென்டிமீட்டர்/வினாடி. ஆக்சிஜன் மூலக்கூறு அயனிக்கு 2×10⁻⁷. ஆக்சிஜன் தனி அணு அயனி ஒளியை வெளியிட்டுச் சேரும்போது அது வெறும் 10⁻¹² அளவில்தான் இருக்கும். நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகலில் கன சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் எலக்ட்ரான்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாறிலியை 3×10⁻⁷ என்று எடுத்தால், ஓர் எலக்ட்ரானின் வாழ்நாள் அரை நிமிடத்தைச் சற்றே தாண்டும். சூரிய ஒளி நின்று ஒரு மணி நேரம் கழித்து மிஞ்சுவது ஆயிரத்துக்கும் குறைவு. முந்நூறு கிலோமீட்டரில் நிலைமை வேறு. அங்கே பெரும்பான்மை ஆக்சிஜன் அணு அயனிகள். அவை நேரடியாக எலக்ட்ரானோடு சேர வேண்டுமென்றால் நாட்கணக்கில் ஆகும். நடைமுறையில் அவை முதலில் நைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் மூலக்கூறோடு மோதி, மின்னூட்டத்தை மூலக்கூறு அயனியிடம் கொடுக்க வேண்டும், பிறகுதான் உடைவு. அந்த முதல் படி மெதுவானது. மேல் அடுக்கு இரவு முழுவதும் பிழைத்திருந்து தொலைதூரச் சிற்றலை வானொலியைத் தாங்குவதற்கு இதுவே காரணம்.

இந்த உடைவு வானில் வெளிச்சமாகவும் தெரிகிறது. ஆக்சிஜன் மூலக்கூறு அயனி உடையும்போது இரண்டு அணுக்களும் அடிநிலையில் வந்தால் 7 எலக்ட்ரான் வோல்ட் அளவு ஓட்ட ஆற்றல் கிடைக்கும். ஓர் அணு முதல் கிளர்நிலையில் வந்தால் மிஞ்சுவது 5. அந்தக் கிளர்ந்த அணு ஏறத்தாழ இரண்டு நிமிடம் காத்திருந்து 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியை உமிழ்கிறது. காற்று அடர்த்தியாக இருக்கும் கீழ்ப்பகுதியில் இரண்டு நிமிடம் யாரும் மோதாமல் இருக்க வாய்ப்பில்லை. அதனால் சிவப்பு, 250 கிலோமீட்டர் அளவிலான உயரத்திலிருந்தே வருகிறது. இரண்டாம் கிளர்நிலை ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் 557.7 நானோமீட்டர் பச்சையைத் தரும். ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும்: இரவு வானின் பச்சை ஒளியில் பெரும்பங்கு நூறு கிலோமீட்டருக்கு அருகே, ஆக்சிஜன் அணுக்கள் தமக்குள் சேர்வதால் வருகிறது. மேலே இருக்கும் மெல்லிய பச்சை அடுக்குக்குத்தான் நாம் பேசும் உடைவு காரணம். இரண்டையும் கலந்து எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

செவ்வாயில் இதே வினை ஒரு கோளின் வரலாற்றையே மாற்றியிருக்கிறது. அங்கும் மேல் வளிமண்டலத்தின் முக்கிய அயனி ஆக்சிஜன் மூலக்கூறு அயனிதான். செவ்வாயின் விடுபடு வேகம் வினாடிக்கு 5 கிலோமீட்டர். ஆக்சிஜன் அணு ஒன்று தப்பிக்க ஏறத்தாழ 2 எலக்ட்ரான் வோல்ட் போதும். உடைவில் ஓர் அணுவுக்கு 3.5 அல்லது 2.5 கிடைக்கிறது. மேல்நோக்கிப் பாய்ந்து வழியில் யாரோடும் மோதாவிட்டால் அந்த அணு திரும்பி வராது. மேவன் விண்கலம் 2014 முதல் செவ்வாயைச் சுற்றி, இப்படிப் பிறந்த வேகமான ஆக்சிஜன் அணுக்களின் விரிந்த உறையைப் புறஊதா ஒளியில் பார்த்திருக்கிறது. வெள்ளியில் விடுபடு வேகம் இரண்டு மடங்குக்கு மேல். அங்கே ஆக்சிஜன் தப்பிக்க 9 எலக்ட்ரான் வோல்ட் அளவு வேண்டும். அதே அயனி, அதே உடைவு, ஆனால் ஓர் அணுகூட இந்த வழியில் தப்ப முடியாது.

இனி நான் மிகவும் மதிக்கும் ஒரு சர்ச்சைக்கு வருகிறேன். மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் முக்கோணமாகச் சேர்ந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டால் மூவணு ஹைட்ரஜன் அயனி. 1911-இல் ஜே.ஜே. தாம்சன் கண்டது. விண்மீன்களுக்கு இடையிலான மேகங்களில் வேதியியலைத் தொடங்கி வைப்பதே இதுதான். ஒரு புரோட்டானை யாருக்கும் எளிதாகக் கொடுத்துவிடும். ஆனால் இது எலக்ட்ரானைச் சந்தித்தால் எவ்வளவு வேகமாக உடையும்? 1973-இல் லியூ, பியாண்டி, ஜான்சன் அறை வெப்பநிலையில் 2.3×10⁻⁷ என்று அளந்தார்கள். 1984-இல் ஆடம்ஸ், ஸ்மித், ஆல்கே வேறொரு முறையில் அளந்து, 2×10⁻⁸-ஐத் தாண்டாது என்றார்கள். பின்னர் 10⁻¹¹ வரைகூட இறக்கிச் சொல்லப்பட்டது. கோட்பாடும் மந்தம் என்ற பக்கமே சாய்ந்தது. ஏனென்றால் இந்த அயனியின் பள்ளத்தின் அடியில் எந்தச் சரிவுக்கோடும் வெட்டுவதில்லை. பொருத்தமான வெட்டு வேண்டுமானால் எலக்ட்ரான் ஏறத்தாழ 10 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வர வேண்டும். 1988-இல் அமானோ அகச்சிவப்பு உறிஞ்சலால் அயனிகளையே நேரடியாகப் பின்தொடர்ந்து 1.8×10⁻⁷ என்று அறிவித்தார். 1993-இல் அயனிகளைச் சுற்றவிட்டு அளக்கும் ஸ்டாக்ஹோமின் கிரைரிங் வளையத்திலும் வேகமான மதிப்பே கிடைத்தது.

ஆக, சோதனைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன, கோட்பாடு பல மடங்கு பின்தங்கியது. வழி திறந்தது 2001-இல். கொக்கூலின், கிரீன், எஸ்ரி மூவரும் யான்–டெல்லர் விளைவைக் கணக்கில் சேர்த்தார்கள். சமபக்க முக்கோணத்துக்கு மேலே வந்தமரும் எலக்ட்ரான், அந்தச் சமச்சீரைக் கெடுக்கும் அதிர்வோடு பலமாகப் பிணைந்துகொள்கிறது. முக்கோணம் கோணலாகும்போது எலக்ட்ரானின் ஆற்றல் அந்த அதிர்வுக்குள் இறங்கிவிடுகிறது. வெட்டுப்புள்ளி இல்லாமலேயே பிடிபடுவதற்கு ஒரு வாசல் இப்படிக் கிடைத்தது. 2003-இல் இந்தக் கணக்கை முழு அளவில் செம்மைப்படுத்தினார்கள். அதே ஆண்டு மெக்கால் குழு, சுழற்சியைக் குளிர்வித்த அயனிகளைக் கிரைரிங்குக்குள் செலுத்தி, அறை வெப்பநிலைக்கு 6.8×10⁻⁸ என்று கண்டது. கோட்பாடும் சோதனையும் கைகோர்த்தன. எலக்ட்ரான் வந்ததும் இந்த அயனி பெரும்பாலும், அதாவது நான்கில் மூன்று தடவை, மூன்று தனி அணுக்களாகவே சிதறுகிறது. மீதி நேரம் ஒரு மூலக்கூறும் ஓர் அணுவும்.

இந்த எண்ணுக்காக ஏன் இவ்வளவு போராட்டம்? டகேஷி ஓகா 1980-இல் இந்த அயனியின் அகச்சிவப்பு நிறமாலையை ஆய்வகத்தில் பதிவு செய்தார். 1996-இல் அவரும் கெபாலியும் அதை விண்மீன் இடைமேகங்களில் கண்டார்கள். பிறகு அடர்த்தி குறைந்த மேகங்களிலும் எதிர்பாராத அளவில் தென்பட்டது. அத்தகைய மேகத்தில் இந்த அயனிக்கு எமன் எலக்ட்ரான்தான். கன சென்டிமீட்டருக்கு நூறு ஹைட்ரஜன், பத்தாயிரத்துக்கு ஒன்றிரண்டு எலக்ட்ரான் என்ற நிலையில் ஓர் அயனியின் ஆயுள் ஏறத்தாழ பத்து ஆண்டு. மாறிலி 10⁻¹¹ ஆக இருந்திருந்தால் அது லட்சம் ஆண்டாக நீண்டிருக்கும். அழியும் வேகம் உறுதியானதும், பார்க்கும் அளவை நிலைநிறுத்த எவ்வளவு வேகமாக அயனிகள் பிறக்க வேண்டும் என்று கணக்கிடலாம். அவற்றைப் பிறப்பிப்பது அண்டக்கதிர்கள். ஜீட்டா பெர்சி விண்மீன் திசையில் உள்ள மேகத்தில் அண்டக்கதிர்களின் அயனியாக்க வேகம் முன்பு நினைத்ததைவிட ஏறத்தாழ நாற்பது மடங்கு அதிகம் என்பது 2003-இல் இப்படித்தான் தெரியவந்தது. ஆய்வகத்தில் ஒரு மாறிலியைச் சரியாக அளந்ததால் வானியலில் ஓர் அடிப்படை எண் மாறியது.

அளக்கும் முறையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் அழகு அலாதியானது. மெதுவான மோதலை ஆராய வேண்டும். ஆனால் மெதுவான அயனிகளையும் எலக்ட்ரான்களையும் கட்டுக்குள் வைப்பது கடினம். அதனால் இரண்டையும் மிக வேகமாக, ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடவிடுகிறார்கள். காந்தங்களால் வளைக்கப்பட்டு வளையத்தைச் சுற்றும் மூவணு ஹைட்ரஜன் அயனி 12 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் பறக்கிறது என்று வையுங்கள். அதே வேகமுள்ள எலக்ட்ரானின் ஆற்றல் சுமார் 2,200 எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரான் கற்றையை 2,210-க்கு உயர்த்தினால், அயனியின் பார்வையில் மோதல் ஆற்றல் வெறும் 0.011 எலக்ட்ரான் வோல்ட்தான். வோல்ட் அளவிலான மாற்றத்தால் மில்லி எலக்ட்ரான் வோல்ட் மோதலைக் கட்டுப்படுத்த முடிகிறது. அயனிகள் பல வினாடிகள் சுற்றுவதால், அகச்சிவப்பை உமிழ்ந்து அதிர்விலிருந்து அடங்கவும் நேரம் கிடைக்கிறது.

உடைந்த துண்டுகளுக்கு மின்னூட்டம் இல்லை. காந்தம் அயனிகளை வளைக்கும். துண்டுகள் நேராகப் போய் உணர்வியில் விழும். எல்லாத் துண்டுகளும் ஒன்றாகவே வந்து சேர்வதால் உணர்வி முழு ஆற்றலையும் ஒரே துடிப்பாகக் காட்டும். எந்த வகையில் உடைந்தது என்று அதில் தெரியாது. அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். துளைகள் நிறைந்த மெல்லிய தகடு ஒன்றை முன்னால் வைத்தார்கள். சில துண்டுகள் தகட்டில் சிக்கும், சில கடக்கும். கடந்த பங்குகளின் ஆற்றலை எண்ணி, துளைகளின் விகிதம் தெரிந்திருப்பதால், ஒவ்வொரு உடைவு வகைக்கும் பங்கு எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். துண்டுகள் விழுந்த இடங்களைப் படமெடுத்தால், அவை எவ்வளவு தூரம் விலகின என்பதிலிருந்து ஓட்ட ஆற்றலும், அதிலிருந்து எந்தக் கிளர்நிலையில் பிறந்தன என்பதும் தெரியும். ஸ்டாக்ஹோமின் கிரைரிங், ஹைடல்பெர்க்கின் டி.எஸ்.ஆர்., ஆர்ஹூசின் ஆஸ்ட்ரிட் ஆகிய வளையங்கள் இந்த வேலையில் பல ஆண்டுகள் ஈடுபட்டன.

அவை தந்த முடிவுகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஹைட்ரோனியம் அயனி. ஒரு நீர் மூலக்கூறும் கூடுதலாக ஒரு புரோட்டானும். எலக்ட்ரான் வந்தால் அந்தக் கூடுதல் ஹைட்ரஜன் கழன்று நீர் மிஞ்சும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூன்று வளையங்களின் அளவீடுகளும் அதை மறுத்தன. நீர் மிஞ்சுவது நான்கு முதல் ஆறு தடவைக்கு ஒரு முறைதான். அறுபது முதல் எழுபது விழுக்காடு வரை ஹைட்ராக்சில் ஒன்றும் இரண்டு தனி ஹைட்ரஜன் அணுக்களுமாக மூன்று துண்டாகிறது. புரோட்டான் ஏற்றிய மெத்தனாலில் நிலைமை இன்னும் மோசம். 2006-இல் கெப்பர்ட் குழு அளந்தபோது மெத்தனால் முழுசாக மிஞ்சியது ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே. விண்வெளி மெத்தனால் வாயு நிலையில் இந்த வழியில் உருவாகிறது என்ற பழைய விளக்கம் இதனால் தளர்ந்தது. தூசித் துகள்களின் பனிப்பரப்பில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் படிப்படியாகச் சேர்வதே வழி என்ற கருத்து வலுவடைந்தது.

உடைய மறுக்கும் அயனிகளும் உண்டு. ஆர்கான் ஹைட்ரைடு அயனி குறைந்த ஆற்றல் எலக்ட்ரான்களோடு சேர்ந்து உடைவது மிக மிக அரிது. எட்டக்கூடிய சரிவு அதற்கு இல்லை. 2013-இல் நண்டு நெபுலாவில் அது கண்டறியப்பட்டது, எலக்ட்ரான்கள் சூழ்ந்த இடத்திலும் அது தாக்குப்பிடிக்கும் என்பதோடு ஒத்துப்போகிறது. பேரண்டத்தின் முதல் மூலக்கூறாகக் கருதப்படும் ஹீலியம் ஹைட்ரைடு அயனி இடைப்பட்ட வகை. அதற்கும் நல்ல வெட்டுப்புள்ளி இல்லை, ஆனாலும் உடைகிறது. ஹைடல்பெர்க்கில் 6 கெல்வின் அளவுக்குக் குளிர்விக்கப்படும் சி.எஸ்.ஆர். வளையத்தில், 2019-இல் ஒவ்வொரு சுழற்சி நிலைக்கும் தனித்தனியே இதை அளந்தார்கள். மிகக் குளிர்ந்த அயனிகள், அறை வெப்பநிலை அளவீடுகள் சொன்னதைவிடக் கணிசமாக மெதுவாகவே அழிந்தன. ஆகவே தொடக்கப் பேரண்டத்தில் இந்த அயனி நினைத்ததைவிட அதிகமாகப் பிழைத்திருக்க வேண்டும். அதே 2019-இல்தான் என்.ஜி.சி. 7027 கோள்முகில் நெபுலாவில் அது முதன்முறையாகக் கண்டறியப்பட்டது.

இதே நிகழ்ச்சி உயிர்வேதியியலில் ஒரு கருவியாகவும் மாறியிருக்கிறது. 1998-இல் ஜுபரேவ், கெல்லெஹெர், மெக்லாஃபர்ட்டி ஆகியோர், பல நேர்மின்னூட்டங்கள் ஏற்றிய புரத அயனிகளுக்கு மெதுவான எலக்ட்ரான்களைக் கொடுத்து உடைத்தார்கள். சூடாக்கி உடைத்தால் வலுவற்ற பிணைப்பே முதலில் அறும்; புரதத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட், சர்க்கரை போன்றவை உதிர்ந்துவிடும், எங்கே இருந்தன என்ற தகவலும் போய்விடும். எலக்ட்ரான் பிடிபட்டு உடையும்போது சங்கிலியின் நைட்ரஜனுக்கும் ஆல்ஃபா கார்பனுக்கும் இடையிலான பிணைப்பு அறுகிறது, ஒட்டியவை அப்படியே இருக்கின்றன. மூன்று அணு அயனியும் ஆயிரக்கணக்கான அணுக்கள் கொண்ட புரதமும் ஒரே கணக்குக்கு அடங்காது. இருந்தாலும் வலுவற்ற இடத்தில்தான் உடையும் என்ற எதிர்பார்ப்பை இரண்டுமே பொய்யாக்குகின்றன.

நீங்கள் இந்த எண்களை ஏதாவது மாதிரிக் கணக்கில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் சில வார்த்தைகள். அட்டவணையில் இருக்கும் வினைவேக மாறிலி எந்த எலக்ட்ரான் வெப்பநிலைக்கு உரியது, அயனிகள் எந்த அதிர்வு, சுழற்சி நிலையில் இருந்தபோது அளக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். 300 கெல்வின் மதிப்பை 10 கெல்வின் மேகத்துக்கு வர்க்கமூல விதியால் நீட்டுவது சில அயனிகளுக்குச் சரியாக வரும், சிலவற்றுக்குப் பெரும் பிழையாகும். மொத்த வேகத்தையும் உடைவு வகைகளின் பங்கையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். முதலாவது உறுதியாக இருந்து இரண்டாவது தவறியதுண்டு. டயசெனிலியம் அயனியில், அதாவது புரோட்டான் ஏற்றிய நைட்ரஜன் மூலக்கூறில், 2004-இல் வெளியான வளைய அளவீடு, வலுவான நைட்ரஜன்–நைட்ரஜன் பிணைப்பே பெரும்பாலும் அறுகிறது என்றது. மீண்டும் அளந்தபோது 90 விழுக்காட்டுக்கு மேல் ஹைட்ரஜன் மட்டும் கழன்று நைட்ரஜன் மூலக்கூறு முழுசாக மிஞ்சுவது தெரிந்தது. குளிர்ந்த மேகங்களின் நைட்ரஜன் வேதியியலுக்கான பழைய மாதிரிகள் சிலவற்றில் முந்தைய பங்குகளே இன்னும் இருக்கக்கூடும். எடுத்து ஓட்டுவதற்கு முன் அந்த ஒரு வரியைத் திறந்து பாருங்கள்.